சன்னல் வழியே வந்த இழை

"சாமியார் வீட்டுக்கு எதற்கு இணையம்?" என்னும் கேள்வி எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் எழுந்தது. எழுப்பியவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். செலவைக் கருதி அவர் கேட்கவில்லை. மாதந்தோறும் சில நூறு ரூபாய் பங்குக்குப் பெருஞ்சுமையாகாது என்பதை அவரே நன்கறிவார். அவருடைய கவலை வேறு. "இன்னைக்கு உங்க அறைக்குள்ள வரும் சாமி. நாளைக்குத் திண்ணைக்கு வரும். அப்புறம் பிள்ளைய எல்லாம் கோயில் வாசல்ல குந்திக்கிட்டுப் போனையே நோண்டிக்கிட்டு இருக்கும். பாத்துக்கிடுங்க" என்றார்.

அவருக்கு நான் அன்று விடை கூறவில்லை. கூறியிருந்தால் ஒருவேளை வரலாற்றிலிருந்து தொடங்கியிருப்பேன். 1544-ஆம் ஆண்டில் இந்தக் கடற்கரையில் ஊர் ஊராக அலைந்த புனித சவேரியார், தம் தோழர் மன்சிலாசுக்கு மணப்பாட்டிலிருந்தும் புன்னைக்காயலிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஓயாமல் சிறு சிறு கடிதங்கள் எழுதி ஆள்வசம் அனுப்பினார். ஐரோப்பாவுக்கு அவர் எழுதிய மடல்களோ கப்பலுக்கும் காற்றுக்கும் காத்துக் கிடந்தன. நம் காலத்துக்கு வந்தால், 2002 பெப்ருவரியில் உரோமையின் சமூகத் தொடர்பு அவை இணையத்தைப் பற்றி இரண்டு ஆவணங்களை ஒரே நாளில் வெளியிட்டு, இணையம் உள்ளோர் இல்லாதோர் என்னும் புதிய பிளவைக் குறித்து எச்சரித்தது. ஆனால் பேரவைக் கூட்டத்தில் ஆவணங்களை எடுத்துக்காட்டி வெல்வது எனக்கு உவப்பானதன்று. தேவை என்னவென்று கண்முன் காட்டுவதே நன்று என்று விட்டுவிட்டேன்.

தேவை இதுதான். எங்கள் புதுக்கோட்டை, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. கிழக்கே துறைமுகம், மேற்கே சற்றுத் தொலைவில் வாகைகுளம் விமான நிலையம். கடலில் கால் நனைக்காத குடும்பங்களிலும்கூட, சரக்குக் கப்பலில் ஒரு மகனோ வளைகுடா நாட்டு மருத்துவமனையில் ஒரு மகளோ இருப்பது இங்கு அரிதன்று. மாலையில் பங்கு இல்லத்துத் திண்ணையில் படிக்க வரும் பிள்ளைகள் இருபது பேர். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. பள்ளிகள் திறந்த பின்னும் அதில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. அரசுத் தேர்வு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை, கல்லூரிக் கலந்தாய்வு எல்லாம் திரைவழியே. ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி. அதில் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து வரும் இணையம். அதையும் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். இரவு ஒன்பது மணிக்கு அவர் திரும்பும்வரை அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இணைப்புத் தர வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவர் கம்பத்தின் மீது. மற்றவர் எங்கள் சன்னலுக்கு வெளியே ஒரு முக்காலியில். கறுப்பு உறைக்குள் வந்த அந்த இழையை உரித்து எடுத்தபோது, மெழுகுதிரியின் திரியைவிடப் பன்மடங்கு மெல்லிய கண்ணாடி நூல் ஒன்று வெளிப்பட்டது. கண்ணாடியின் மொத்தத் தடிமன் 125 மைக்ரான். ஏறத்தாழ நம் தலைமுடியளவு. ஒளி ஓடுவதோ அதன் நடுவிலுள்ள ஒன்பது மைக்ரான் பாதையில் மட்டுமே. கண்ணாடி போதிய அளவு தூய்மையாக இருந்தால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்று 1966-இல் சார்லஸ் காவ் எழுதியபோது அத்தகைய தூய கண்ணாடி உலகில் இல்லை. நான்கு ஆண்டுகளில் உருவாயிற்று. அவருக்கு நொபேல் பரிசு வந்தது 2009-இல்.

முனையைச் சீவுவதற்கு ஒரு சிறு கருவி. பிறகு இரு முனைகளையும் எதிரெதிரே வைத்து மின்பொறியால் உருக்கி ஒட்டும் பெட்டி. அதன் திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிந்தன. தாமாகவே ஒன்றையொன்று தேடி நெருங்கின, ஒரு பளிச்சிடல், கோடு ஒன்றாயிற்று. வெல்டிங் பட்டறையில் நாம் பார்க்கும் அதே வேலைதான், முடியளவில். பின்னர் அந்த இளைஞர் ஒரு மானியை முனையில் பொருத்திப் பார்த்துவிட்டு, "மைனஸ் பத்தொம்பது. நல்லா வருது ஃபாதர்" என்றார். கழித்தல் 27-க்குக் கீழே இறங்கினால் பெட்டி ஒளியை உணராது என்றும் விளக்கினார். முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க முயன்ற பீடச் சிறுவனைச் சட்டென்று தடுத்தார். அந்த ஒளி அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

நான் வியந்தது வேறொன்றை. தொலைபேசி நிலையத்திலிருந்து எங்களுக்கென்று தனி இழை வரவில்லை. ஓர் இழை வருகிறது. கம்பத்திலுள்ள சிறு பெட்டியில் அதன் ஒளி 32 அல்லது 64 பங்காகப் பிரிகிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கிடையாது. பாறையில் மோதிப் பிரியும் ஆற்றுநீர் போல ஒளி தானே பிரிந்து செல்கிறது. ஆகவே, அந்த இழையில் இறங்கிவரும் அத்தனை வீட்டுச் செய்தியும் அத்தனை வீட்டு வாசலுக்கும் வருகிறது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன் பெயரிட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. பிறர் எடுக்க முயன்றாலும் படிக்க இயலாதவாறு அது மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். மேலே அனுப்பும்போது முறை வேறு: இன்ன வீடு இன்ன நொடித்துளியில் பேசலாம் என்று நிலையம் முறை வகுத்துக் கொடுக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. எங்கள் பேரவைக் கூட்டங்களுக்கு இந்த ஏற்பாடு கிடைத்தால் நன்றாயிருக்கும்.

அறைக்குள் வைத்த பெட்டியை அறிஞர்கள் 'திசைவி' என்கின்றனர். நல்ல சொல். எங்கள் ஊரில் அதற்கு 'மோடம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. இளைஞர்கள் 'ரூட்டர்' என்பர். அதில் நான்கு விளக்குகள். சிவப்பு எரிந்தால் ஒளி வரவில்லை. பச்சை மினுக்கினால் நிலையத்தோடு பேச்சு நடக்கிறது. பச்சை நிலைத்து நின்றால் உறவு உறுதியாயிற்று. பிறகு மடிக்கணினியில் 192.168.1.1 என்று தட்டினால் பெட்டியின் உள்ளறை திறக்கும். அங்கே நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒருமுறை எழுதிவிட்டால், பெட்டி தானே நிலையத்திற்குச் சென்று தன்னை அடையாளம் காட்டி, அன்றைய முகவரி ஒன்றைப் பெற்று வரும்.

இந்த முகவரிச் செய்தியில் சற்றுத் தங்க விரும்புகிறேன். புதுக்கோட்டை என்றதும் வாசகரில் பலர் திருச்சிக்குத் தெற்கேயுள்ள பெரிய புதுக்கோட்டையை நினைத்திருப்பீர்கள். அஞ்சலும் அப்படியே நினைத்து, எங்களுக்கு வரவேண்டிய திருமண ஓலை அங்கு சென்று, திருமணம் முடிந்தபின் வந்து சேர்ந்ததுண்டு. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் நேர்ந்த இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே 1972 ஆகஸ்டு 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அவர்களுக்கு 622-இல் தொடங்கும், எங்களுக்கு 628. அதன்பின் சரியாக 23 ஆண்டுகள் கழித்து, 1995 ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையத்தை நாட்டில் தொடங்கிவைத்தது.

இணையத்திலும் அதே இடர்ப்பாடு. முதலில் வகுத்த முறையில் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடிதான். வகுத்தபோது அது கடல்போலத் தோன்றியிருக்க வேண்டும். 2011 ஏப்பிரலில் ஆசிய-பசிபிக் பகுதிக்கான இருப்பு அடிமட்டத்தைத் தொட்டு, பங்கீடு தொடங்கிவிட்டது. பிறகு நம் வீட்டிலுள்ள ஐந்து கைப்பேசிகளுக்கும் முகவரி எப்படிக் கிடைக்கிறது? ஊருக்கு ஊர் ஒரு மேலத்தெரு இருப்பது போல, வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள் சில ஒதுக்கப்பட்டுள்ளன. 192.168 என்று தொடங்குவது அவற்றுள் ஒரு வகை. எங்கள் பெட்டியின் உள்முகவரியும் உங்கள் வீட்டுப் பெட்டியின் உள்முகவரியும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதனால் யாருக்கும் இடையூறில்லை. வெளியே செல்லும் ஒவ்வொரு வேண்டுகோளின் மீதும் உள்முகவரியை நீக்கித் தன் வெளிமுகவரியை எழுதி அனுப்புகிறது ரூட்டர். விடை வந்ததும், யார் கேட்டது என்று தன் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது.

இதைப் படித்தபோது என் சிறுவயது நினைவுக்கு வந்தது. கொழும்பிலும் வளைகுடாவிலும் இருந்தோர் அக்காலத்தில் வீட்டுக்கு எழுதும் மடல்களைப் பங்குச் சாமியார் மேற்பார்வை என்றே முகவரியிட்டு அனுப்புவர். கதவிலக்கம் இல்லாத குடிசைகளுக்கு வேறு வழியில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் கட்டைப் பிரித்துப் பெயர் சொல்லி அழைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டுவார். சில வரிகளைக் குரல் தாழ்த்திப் படிப்பார். சிலவற்றைப் படிக்காமலே விடுவார் என்று பிற்பாடு அறிந்தேன். எந்த வரியை விட்டார் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வைஃபை அலை எங்கள் பழைய சுவர்களிடம் தோற்றது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய ஒன்றரையடிச் சுவர். இளைஞர்கள் பெட்டியை அலுவலறையில் வைத்திருந்தனர். அருகே திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் இருக்கும் இரும்புப் பீரோ. இரும்பு அலையை மறிக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் ஒரு கோடுதான் தெரிந்தது. பெட்டியை நடுக்கூடத்தில் ஆளுயரத்துக்கு மேலே, திறந்த அலமாரியின் மீது ஏற்றியதும் மூன்று கோடுகளாயின. பெட்டி இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது: 2.4 கிகாஹெர்ட்சு மெதுவானது, ஆனால் சுவரைத் துளைத்துத் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்சு விரைவானது, இரண்டாவது சுவரிலேயே களைத்துவிடும். முதலாவதை உரிமம் இன்றி யாரும் பயன்படுத்தலாம் என்று நம் அரசு அறிவித்தது 2005 சனவரியில். அதற்கு முன் வீட்டில் இப்படியொரு பெட்டி வைப்பதே சிக்கல். கூடத்துக்கு ஐந்து, திண்ணைக்கு இரண்டரை என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

இனிதான் கடினமான பகுதி. கடவுச்சொல்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு கடவுச்சொல் அச்சிட்டிருக்கும். உள்ளறைக்குள் நுழைய வேறொரு சொல். அது பெரும்பாலும் எல்லாப் பெட்டிக்கும் பொதுவானது. இரண்டையும் அன்றே மாற்றிவிட வேண்டும். சோம்பலால் மாற்றாதவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் உள்ளனர். 2016-இல் 'மிராய்' என்றொரு தீநிரல், ஆலைகள் இட்டுக்கொடுத்த அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகளை மட்டுமே வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான வீட்டு ரூட்டர்களையும் கேமராக்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை ஒரே நிறுவனத்தின் மீது பாய்ந்தபோது, அமெரிக்காவின் புகழ்பெற்ற தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. பூட்டைப் பொருத்திவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட வீடுகளின் விளைவு அது.

ஆலயப் பாதுகாவலரின் பெயரையும் கோயில் கட்டிய ஆண்டையும் சேர்த்துக் கடவுச்சொல்லாக வைக்கலாம் என்றனர் எங்கள் இளைஞர்கள். பக்தி போற்றத்தக்கதே, ஆனால் அது கொடிமரத்தடியில் கல்லில் வெட்டியிருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து எழுதினோம். அலுவலறைக்கு ஒரு வலை, திண்ணைக்கு விருந்தினர் வலை என்று இரண்டாகப் பிரித்தோம். திண்ணை வலையில் சேர்ந்தவர் இணையத்துக்குப் போகலாம்; அலுவலறைக் கணினியை எட்டிப் பார்க்க இயலாது. பங்கின் கணக்கும் பதிவுகளும் இருக்கும் இடத்தில் இது மிகவும் முக்கியம். மற்றப் பங்குத்தந்தையர்க்கும் இதை வற்புறுத்திச் சொல்வேன்.

இவற்றையெல்லாம் செய்துகொடுத்த பொறியியல் மாணவர், முடிவில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். "ஃபாதர், இதை ஆன் பண்ணிட்டா யார் போன்ல இருந்து எந்த சைட்டுக்குப் போனாங்கன்னு லிஸ்ட் வரும். உள்ளே என்ன பாத்தாங்கன்னு தெரியாது. சைட் பேரு மட்டும் தெரியும். பெரியவருக்குக் காட்டலாம்." கவலையுற்ற பெரியவருக்கு இது சரியான விடை என்று அவர் நம்பினார். பேரவையில் பலரும் அப்படியே நம்பினர். ஒரு தாய் என்னிடம் தனியே வந்து, "அவன் என்னத்தப் பாக்கான்னு மட்டும் சொல்லிருங்க சாமி" என்று கெஞ்சினார்.

இரண்டு நாள் எண்ணினேன். தீய தளங்களை மொத்தமாகத் தடுக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதை இட ஒப்பினேன். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது போன்றது அது. யார் எட்டிப் பார்த்தார் என்று அது எழுதி வைப்பதில்லை. பட்டியலோ வேறு. மனிதர் தம் உள்ளத்தைத் தாமே திறந்து பேசும் இடம் ஒன்று எங்கள் ஆலயத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் எவ்வகையிலும் வெளியிடலாகாது என்று திருச்சபைச் சட்டம் என்னைக் கட்டுகிறது. அங்கே அமரும் அதே ஆள், திண்ணையில் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை சொல்லாத ஒன்றைச் சுவரிலுள்ள பெட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளை எதை நம்பி என்னிடம் வரும்? பட்டியல் வேண்டாம் என்றேன். நோயின் பெயரைத் தேடும் பெண் இருப்பாள். கடன் தீர்க்க வழி தேடும் தகப்பன் இருப்பார். வீட்டில் கேட்க முடியாததைக் கேட்கும் சிறுமி இருப்பாள். அந்தத் தாயிடம், "நீங்களே அவனிடம் கேளுங்கள் அம்மா, கேட்கக் கடினமாயிருந்தால் இருவருமாக வாருங்கள்" என்றேன். அவருக்கு அது மனநிறைவு தரவில்லை. எனக்கும் முழு அமைதி இல்லை. எனினும் முடிவை மாற்றவில்லை.

நேரக் கட்டுப்பாட்டை மட்டும் வைத்தோம்: மாலை ஆறு முதல் ஒன்பது வரை. இதில் ஒரு நகைமுரண் உண்டு. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைப்பேசிகளைப் பறித்து வைத்தனர். இணங்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவி ஒருவர் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. அவர்கள் மூடிய நேரத்தில் நாங்கள் திறக்கிறோம்.

உரிமை என்னும் சொல் எங்கள் மாவட்டத்தில் வெறும் சொல்லன்று. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாளில், தூத்துக்குடியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாள்களுக்கு இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. வதந்தியைத் தடுக்க என்றார்கள். அந்த நாள்களில் இம்மாவட்டத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வதந்தி குறையவில்லை. சரிபார்க்க வழியில்லாமற் போனதால் ஒவ்வொரு தெருவிலும் இறந்தோரின் எண்ணிக்கை வேறு வேறாக இருந்தது. குவைத்தில் இருந்த ஒரு பெண், தம்பி வீடு திரும்பினானா என்று அறிய மூன்று நாள்கள் எத்தனையோ எண்களுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். அப்போது நடப்பில் இருந்த 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த ஆணை பிறந்தது. காசுமீர் வழக்கில் 2020 சனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தும் ஆணைகளை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் விதிகள் புதிதாக வகுக்கப்பட்டன. நிறுத்தும் அதிகாரம் போய்விடவில்லை.

ஆணையின்றியும் துண்டிக்கப்பட்டோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு தொடர்வண்டி நின்றது. எங்கள் நெடுஞ்சாலை வெள்ளத்தால் அறுபட்டு, கிழக்கே நகரம் ஒரு தீவு, மேற்கே நாங்கள் ஒரு தீவு என்றாயிற்று. மின்சாரம் போனது, அதைத் தொடர்ந்து கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாய் ஊமையாயின. அன்று நான் அறிந்த ஓர் உண்மை உண்டு. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியே வரும்; வீடு இருண்டாலும் கருவி பேசும். கண்ணாடி இழை ஒளியைக் கொணரும், மின்சாரத்தைக் கொணராது. ஆனால், முன்னே சொன்னேனே, கம்பத்துப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். இழைக்குள் ஓடும் ஒளியைத் தண்ணீரும் தடுப்பதில்லை. நிலையத்தில் மின்னாக்கி ஓடி, இழை அறுபடாமல் இருந்து, நம் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் 12 வோல்ட்டு கிடைத்தால் போதும். அதற்கென்றே கையடக்க மின்கலப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும். வெள்ளநாளில் அதைக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்று சிக்கனமாய்ச் செலவிட்டால் மூன்று, நான்கு நாள்களுக்கு ஊர் பேசலாம். ரூட்டர் வாங்கும் அன்றே இதையும் வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். நாங்கள் இரண்டு வைத்திருக்கிறோம்.

கடலைத் தாண்டிப் பேசும் ஆவல் எங்களுக்குப் புதிதன்று. 1914-இல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடிக்கு இரயிலில் வந்துதான் கப்பல் ஏறினர். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியதும் அந்தத் தடத்திற்காகவே. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2006-இல், தூத்துக்குடியையும் கொழும்பையும் இணைத்துக் கடலடியில் ஒளியிழைக் கம்பி செயலுக்கு வந்தது. ஊரில் பலருக்கு அது தெரியாது; கப்பலைப்போல் அது கண்ணில் படுவதில்லையே.

கடற்கரையில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட பாட்டி ஒருவர் இப்போது வாரம் இருமுறை திண்ணைக்கு வருகிறார். அவருடைய மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறார். துறைமுகம் அடைந்தால் அழைப்பார். பேத்தியின் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி காத்திருப்பார். ஒருநாள் சன்னல் வழியே பெட்டியைப் பார்த்து, "அந்தப் பச்ச விளக்கு எதுக்கு சாமி?" என்று கேட்டார். அது எரியும்வரை அந்தப்பக்கம் இழையைப் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள் என்றேன். பாட்டி சிரித்தார். அவருடைய தந்தை முத்துக்குளித்தவர். 1961-இல் தூத்துக்குடியில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு பாட்டிக்குச் சிறுமிப் பருவ நினைவு. குளிப்பவர் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் மைத்துனர்தான் பிடிப்பார் என்பது அக்கரையின் வழக்கம். தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது அல்லவா? "அப்ப மச்சான் கயித்த விடலன்னு சொல்லுங்க" என்றார் பாட்டி.

பெரியவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நாள்தோறும் எட்டே முக்காலுக்கு வந்து திண்ணைத் தூணில் சாய்ந்து நிற்கிறார். ஒன்பது அடித்ததும் முதலில் எழுந்து போகச் சொல்பவர் அவரே. சென்ற வாரம் தம் பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒன்பதே காலுக்கும் நின்றார். அதை யாரும் பேசவில்லை.

திண்ணையில் அலை நன்றாய்க் கிட்டும் இடம் கீழ்ப்புறச் சன்னலின் அடி. அங்கே மழைச்சாரல் அடிக்கிறது. ஐப்பசிக்கு முன் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, ஒரு நீள்பலகையும் போட்டுவிட வேண்டும். பாட்டிக்குத் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை.